அவ்வை சண்முகம்: சாலைப் பெயருக்குப் பின்னால் ஒரு நாடக வாழ்க்கை

சென்னையில் கோபாலபுரம், ராயப்பேட்டை வழியாகப் போகிறவர்கள் அவ்வை சண்முகம் சாலையைக் கடந்திருப்பீர்கள். பழைய பெயர் லாயிட்ஸ் சாலை. இளைஞர்கள் பலருக்கு இப்பெயரைக் கேட்டதும் 1996இல் வந்த 'அவ்வை சண்முகி' படம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மை நேர்மாறானது. சிறுவயதில் தாம் நடிப்புப் பயின்ற நாடகக் குழுவின் தலைவருக்கு மரியாதையாகவே கமல்ஹாசன் அந்தப் பெயரை வைத்தார்.

அந்தத் தலைவர் டி.கே. சண்முகம். 1912இல் பிறந்தவர். முதலெழுத்துகள் திருவனந்தபுரத்தையும் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையையும் குறிப்பவை. தந்தையும் நாடக நடிகர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரே டி.கே.எஸ். சகோதரர்கள்.

1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சண்முகம் சேர்ந்தார். 'பாய்ஸ் கம்பெனி' என்ற அந்த அமைப்பில் சாப்பாடு, படுக்கை, பாடம், பாட்டு எல்லாம் கம்பெனியிலேதான். பள்ளிப்படிப்பு கிடையாது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேடமும் போய்விடலாம். அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரியது. சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பார்கள். 1922இல் சுவாமிகள் மறைந்தார். 1925இல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். என்.எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தவர்தான்.

புராணக் கதைகளோடு நிற்காமல் சமூக நாடகங்களையும் மேடையேற்றினார்கள். 'மேனகா' 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமானது. ஓர் எளிய குடும்பத்தின் கல்யாணக் கவலையைச் சொன்ன 'குமாஸ்தாவின் பெண்' 1941இல் திரைக்கு வந்தது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கஷ்டமும் நாடகமாகலாம் என்று காட்டிய குழு இது.

1942இல் 'ஔவையார்' நாடகம். முப்பது வயது ஆண் மகன், கூன் விழுந்த மூதாட்டியாக மேடையில் நின்றார். பெயரோடு 'அவ்வை' ஒட்டிக்கொண்டது. ஆனால் 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் ஔவையாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். திரையில் பதிந்த அந்த முகம்தான் இன்று நமக்குத் தெரிந்த ஔவை. சண்முகத்தின் ஔவை, பார்த்தவர்களின் நினைவோடு போய்க்கொண்டிருக்கிறது.

மேடைக் கலையின் நஷ்டமே இதுதான். திரை விழுந்ததும் கையிருப்பு ஒன்றும் மிஞ்சாது. அதை உணர்ந்தவர்போல 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலை எழுதிவைத்தார். ஊர் ஊராகப் போன கதை, வசூல், கடன், சக நடிகர்கள் என அரை நூற்றாண்டு நாடக உலகம் அதில் இருக்கிறது. 1973 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவர் குழு புகழ்பெறச் செய்த 'ராஜராஜ சோழன்' நாடகம், அதே ஆண்டு சிவாஜி நடிப்பில் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது.

நம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள்; ஆடட்டும். கூடவே பத்து நிமிடம் ஒரு நாடகமும் போடலாமே? வசனம் மனப்பாடம் செய்து, நாலு பேர் முன் நின்று பேசிப் பழகட்டும். சாலைக்குப் பெயர் வைத்தது அரசு. கலையைத் தொடர வேண்டியது நாம்.