சாட்டை இல்லாத ஓவியம்: ரெப்பினின் படகிழுப்போரும் நம் கொத்தடிமைச் சட்டமும்

‘வோல்கா ஆற்றில் படகிழுப்போர்’ என்பது இலியா ரெப்பின் 1870 முதல் 1873 வரை தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். 281 செ.மீ. அகலமுள்ள இது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அரசு ரஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ளது. மார்பில் வார் பூட்டிய 11 பேர் ஆற்றங்கரை மணலில் நடந்து ஒரு பெரும்படகை இழுக்கின்றனர். தொலைவில் நீராவிக் கப்பல் ஒன்று தெரிகிறது. இயந்திரம் வந்த பின்னும் மனித உடல் மலிவாகவே கிடைத்தது.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனவே இவர்கள் சட்டத்தின் பார்வையில் கூலித் தொழிலாளர்கள். சாட்டையேந்திய கங்காணி எவரையும் ரெப்பின் வரையவில்லை. அப்படியெனில் இவர்களை வாரில் பூட்டியது எது?

அதற்கான விடையை நம் உச்ச நீதிமன்றம் 1982இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் அளித்தது. பசியும் வறுமையும் வேறு வழியின்றி ஒருவரைப் பணியவைப்பதும் வன்முறைக்கு நிகரான கட்டாயமே; குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது அத்தீர்ப்பு.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. அங்கும் சங்கிலி இல்லை. முன்பணக் கடன் இருந்தது.

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் பெருகியுள்ள இம்மாவட்டத்தில், செங்கற்சூளையிலோ அரிசி ஆலையிலோ ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் பூட்டிய கதவைத் தேடுகின்றனர். அது இல்லையெனில் ‘விரும்பி வந்தவர்கள்’ என்று எழுதிவிடுகின்றனர். நாம் கேட்கச் சொல்வது வேறு: முன்பணம் எவ்வளவு? கூலியில் பிடித்தம் எவ்வளவு? கடன் தீராமல் வேறிடம் வேலைக்குச் செல்ல முடியுமா? 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, அது கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. அந்தச் சுமையைத் தலித், பழங்குடித் தொழிலாளர்களின் தோளில் ஏற்றும் ஒவ்வோர் ஆய்வறிக்கையும் சட்டத்துக்குப் புறம்பானது. அதை எதிர்த்து வழக்காட வேண்டும்.