கப்பி ரோடு கேட்டவர்களும் கப்பி ரோட்டைக் காத்தவர்களும்

1892 ஜனவரியில் அமெரிக்காவில் 'குட் ரோட்ஸ்' என்று ஒரு மாதப் பத்திரிகை வர ஆரம்பித்தது. நடத்தியவர்கள் சைக்கிள்காரர்கள். சேறும் புழுதியுமாகக் கிடக்கும் கிராமத்துச் சாலைகளை ஒழுங்காகப் போட்டுக்கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. 1997-இல் இத்தாலியின் டஸ்கனியில் 92 பேர் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சரளைச் சாலைகளில் கிளம்பினார்கள். இந்தச் சாலைகளில் தார் போடாதீர்கள் என்பது இவர்கள் கோரிக்கை. நூறு வருஷ இடைவெளியில் ஒரே வாகனத்தை ஓட்டுகிறவர்கள் நேர் எதிராக இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சின்ன அறிமுகம். சமீப காலமாக 'கிராவல் பைக்' என்று ஒரு வகை சைக்கிள் உலகமெங்கும் பரவியிருக்கிறது. ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் வாக்கில் அகலம், டிஸ்க் பிரேக். காட்டு மலைகளிலும், மேடும் பள்ளமுமாக விரியும் வயல்வெளிகளிலும் போகும் சரளைச் சாலைகளுக்கென்றே செய்தது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிறு நகரில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இதைப் பிரபலமாக்கியது. 2022-இல் இதற்கென்று உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது; நடந்த இடம் இத்தாலி. இந்த வழித்தடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காட்சியழகைத்தான் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தச் சாலையை யார் போட்டார்கள், ஏன் இன்னும் தார் காணாமல் இருக்கிறது என்ற கேள்விதான் சுவாரசியமாகப் பட்டது.

சரி, 19-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். 1880-இல் 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்' என்ற சைக்கிள்காரர் சங்கம் உருவானது. அன்றைய சைக்கிளின் முன்சக்கரம் ஒரு ஆளின் நெஞ்சு உயரம் இருக்கும். பள்ளத்தில் விட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885-இல் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்த ரோவர் சைக்கிள் வந்தது; 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அதற்குப் பிறகு சைக்கிள் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நகரத்தைத் தாண்டினால் மழையில் சேறு, வெயிலில் புழுதி.

சங்கத்தைச் சேர்ந்த ஐசக் பாட்டர் 1891-இல் விவசாயிகளுக்கு எழுதும் கடிதமாக ஒரு சிறு நூல் போட்டார். மோசமான சாலையால் விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம் என்பது அதன் வாதம். விவசாயிகள் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. நகரத்து ஆட்கள் உல்லாசமாகச் சுற்றுவதற்கு நாங்கள் ஏன் வரி கட்டணும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். 1893-இல் அமெரிக்க விவசாயத் துறைக்குள் சாலைகளை ஆராய ஒரு அலுவலகம் திறந்தார்கள். 1896-இல் கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல சாலை இருந்தால்தான் தபால்காரர் வருவார் என்று ஆனதும் விவசாயிகளும் சாலை கேட்க ஆரம்பித்தார்கள். இந்தச் சண்டையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வருகிறது.

அவர்கள் கேட்ட 'நல்ல சாலை' எது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அது தார் ரோடு இல்லை. நம்ம ஊரில் கப்பி ரோடு என்று சொல்வோமே, அதுதான். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லவுடன் மெக்காடம் 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றவர். அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது. அடியில் பெரிய பாறைகளை அடுக்க வேண்டாம். உலர்ந்த மண்ணே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். மண் ஈரமாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காகச் சாலையைச் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் சரித்து, ஓரத்தில் வடிகால் வெட்டச் சொன்னார். மேலே கையால் உடைத்த கல்லை அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒரு கல்லின் எடை 6 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேல் போகக் கூடாது. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஏறி ஏறிக் கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். தேய்ந்து உதிரும் பொடி இடுக்குகளை அடைக்கும். போக்குவரத்தே சாலையை இறுக்குகிறது.

இதைக் கெடுத்தது மோட்டார் கார். இரும்புச் சக்கரம் பொடியை உள்ளே அழுத்தியது. வேகமாக ஓடும் ரப்பர் டயர் அதே பொடியை உறிஞ்சி வெளியே வீசியது. பொடி போனால் கல் பெயரும். கல் பெயர்ந்தால் தண்ணீர் இறங்கும். அத்தோடு சாலை போச்சு. புழுதித் தொல்லை தாங்காமல் 1902-இல் மொனாக்கோவில் குக்லியெல்மினெட்டி என்ற சுவிஸ் மருத்துவர் சாலையில் சூடான தாரைப் பூச வைத்தார். அவருக்கு 'டாக்டர் தார்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. அதே வருஷம் இங்கிலாந்தில் எட்கர் ஹூலி என்பவர் தாரும் கல்லும் கலந்த சாலைக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிள்காரர்கள் போராடி வாங்கிய சாலை, இப்படிக் காருக்கு ஏற்றபடி மாறிப்போனது.

ஆனால் கார் அதிகம் எட்டிப்பார்க்காத இடங்களும் இருந்தன. அதில் ஒன்றுதான் டஸ்கனியின் சியன்னா சுற்றுவட்டாரம். வடக்கே கியாந்தி: ஓக் மரக்காடும் திராட்சைத் தோட்டமும் மாறி மாறி வரும் குன்றுகள். சியன்னாவுக்குத் தெற்கே 'கிரெத்தே செனேசி': மரம் குறைந்த, அலை அலையாக எழுந்து தாழும் களிமண் மேடுகள். இரண்டையும் இணைத்து ஓடுகிற சுண்ணாம்புக்கல் சரளைச் சாலைகளுக்கு 'ஸ்த்ராதே பியான்கே', வெள்ளைச் சாலைகள் என்று பெயர்.

அங்கே ஏன் இத்தனை சாலைகள்? பதில் நில உடைமையில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அங்கே நடந்தது 'மெத்ஸாத்ரியா', நம்ம பாஷையில் பாதி வாரம். நிலம் ஆண்டையுடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடியானவக் குடும்பங்கள் ஊருக்குள் கூடி வாழவில்லை. அவரவர் சாகுபடி செய்த நிலத்திலேயே, குன்றுக்கு ஒன்றாகத் தனி வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்டையின் பண்ணைக்கும், ஆலைக்கும், தேவாலயத்துக்கும் பாதை வேண்டும். கோதுமையும் திராட்சையும் ஆலிவும் மாட்டு வண்டியில் போன தடங்கள்தான் இன்றைய சைக்கிள் வழித்தடங்களில் பல.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. தொழிற்சாலையில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது பாதி விளைச்சலுக்கு யார் மாரடிப்பார்கள்? 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. 1982-இல் வந்த சட்டம், மிச்சமிருந்தவற்றைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. இத்தாலி முழுக்கத் தார் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்தக் குன்றுகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஆளில்லாத வீட்டுக்கு யார் தார் ரோடு போடுவார்கள்? இன்று நாம் புகைப்படத்தில் பார்த்து ரசிக்கும் வெள்ளைச் சாலை தப்பியதில், மக்கள் ஊரை விட்டுப் போனதற்கும் பங்கு உண்டு.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் கல்வீடுகளை வாங்கிப் புதுப்பித்தார்கள், சுற்றுலா வந்தது, தாரும் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் 1997-இல், கியாந்தியின் கையோலே என்ற சிற்றூரில், ஜான்கார்லோ ப்ரொச்சி 'லெரோயிகா' என்ற சைக்கிள் விழாவைத் தொடங்கினார். விதிகள் கறார். சைக்கிள் 1987-க்கு முந்தையதாக இருக்க வேண்டும், கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பழைய பந்தய வீரர்கள் ஓட்டியது இப்படிப்பட்ட சாலைகளில்தான். இவற்றை அழித்தால் அந்த வரலாறும் போய்விடும் என்பது அவர் வாதம். இன்று 209 கிலோமீட்டர் நீள வழித்தடம், வழிகாட்டிப் பலகைகளோடு, வருஷம் முழுக்க யார் வேண்டுமானாலும் ஓட்டும்படி இருக்கிறது. 2007-இல் தொழில்முறைப் பந்தயம் ஒன்று இதிலிருந்து கிளைத்தது. சியன்னாவின் பெரிய சதுக்கத்தில் முடியும் அந்தப் பந்தயத்தின் பெயரே இப்போது 'ஸ்த்ராதே பியான்கே'தான். 2010-இல் ஜிரோ பந்தயம் மழையில் இந்தச் சாலைகள் வழியே மொந்தால்சினோவுக்குப் போனபோது, வீரர்கள் யார் எவர் என்றே தெரியாத அளவுக்குச் சேறு அப்பியிருந்தது. அன்று ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ்.

இப்போது அந்த அமெரிக்க விவசாயியிடம் திரும்பி வருவோம். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து போகிறவருக்குப் புழுதி அழகு. தினமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கு, ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கிறவருக்கு? உங்கள் உல்லாசத்துக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்கணும் என்ற 1890-களின் கேள்வி அப்படியே திரும்பி வருகிறது. அன்று சாலை போடுவதற்கு எதிராகக் கேட்டார்கள். இன்று போடாமல் விடுவதற்கு எதிராகக் கேட்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அபிப்பிராயம் இதுதான். முதல் பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும் இரண்டு கோரிக்கையும் உண்மையில் ஒன்றேதான். 1892-இல் கேட்டதும் 1997-இல் காக்கச் சொன்னதும், மெதுவாகப் போகிற வாகனத்தின் அளவுக்குப் போட்ட கப்பிச் சாலையைத்தான். ஆனால் கப்பிச் சாலை காடு மாதிரி தானாக இருந்துகொள்ளாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வடிகாலைத் தூர்வாரணும், பள்ளத்துக்குக் கல் கொட்டி இறுக்கணும். 'தார் போடாதே' என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. ஓடிக்கிட்டிருக்கிற கோடைத் தொடாதே என்பது எங்கள் தொழிலில் வழக்கமான அறிவுரை. அந்தக் கோடைப் பராமரிக்க சம்பளம் வாங்கும் ஒரு ஆள் இருக்கும்வரைதான் அது செல்லும். டஸ்கனியில் விழாவும் பந்தயமும் வருகிறவர்களின் செலவும் சேர்ந்து, வெள்ளைச் சாலையைக் காப்பதில் உள்ளூர்க்காரருக்கும் ஒரு லாபத்தைக் காட்டின. தபால்காரர் வந்த பிறகு அமெரிக்க விவசாயி மனம் மாறியதும் அப்படித்தான். அந்த லாபம் அங்கே குடியிருப்பவரின் வீட்டு வாசல்வரை போய்ச் சேருகிறதா என்பதைத்தான், எந்த ஊரின் கிராவல் வழித்தடத்தைப் பற்றிப் படித்தாலும், நான் இப்போது முதலில் தேடுகிறேன்.