விக்கி

விக்கி என்பது, படிக்க வருபவரே உலாவியில் திறந்து எழுதவும் திருத்தவும் இடம் தரும் இணையத்தளத்தைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தின் வழியாக உலகெங்கும் பரவினாலும் இது பிறந்தது ஹவாய் மொழியில். அங்கே 'விக்கி' என்றால் விரைவு. 'விக்கிவிக்கி' என்றால் மிக விரைவு. நாம் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று அடுக்கிச் சொல்வதைப் போன்றதுதான்.

சொல்லை இணையத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம். ஹொனலுலு விமான நிலையத்தில், முனையங்களுக்கிடையே ஓடும் 'விக்கி விக்கி' பேருந்தில் ஏறிக்கொள்ளும்படி ஊழியர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். பின்னர், நிரலாளர்கள் தங்கள் அனுபவங்களைச் சேர்ந்து எழுதுவதற்காக ஒரு தளத்தை உருவாக்கியபோது அந்தப் பெயர் அவருக்கு நினைவுக்கு வந்தது. 'குவிக்வெப்' என்றிருக்க வேண்டியது 'விக்கிவிக்கிவெப்' ஆனது. பொருள் மாறவில்லை, மோனையும் கூடிவந்தது. தளம் 1995 மார்ச் 25 அன்று வெளியானது.

பெயருக்கேற்ற விரைவு அதில் இருந்தது. இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் போதும், அது இணைப்பாகிவிடும். அந்தத் தலைப்பில் பக்கம் இல்லையென்றால் சொல்லின் அருகே ஒரு கேள்விக்குறி தோன்றும். அதைச் சொடுக்கினால் புதுப் பக்கம் எழுதத் திறக்கும்.

2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாதான் சொல்லைப் பொதுமக்களிடம் சேர்த்தது. அப்பெயரை உருவாக்கியவர் லாரி சேங்கர். கலைக்களஞ்சியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதி விக்கியோடு ஒட்டிக்கொண்டது. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'விக்கி'யைச் சேர்த்துக்கொண்டது. 'வாட் ஐ நோ இஸ்' என்பதன் சுருக்கமே விக்கி என்று சிலர் சொல்வது, பிற்பாடு இட்டுக்கட்டிய விளக்கம்.

சொல்லின் ஹவாய் மூலத்தை மறக்காமல் குறிப்பிட ஒரு காரணம் உண்டு. 1896இல் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தபின், ஹவாய் மொழியைப் பேசும் குழந்தைகள் தலைமுறைதோறும் குறைந்துபோனார்கள். 1978இல்தான் அது மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றானது. அப்படி நலிந்த ஒரு மொழியின் சொல் இன்று தமிழிலும் வழங்குகிறது. நம் அகராதிகள் இதன் மூலத்தை ஆங்கிலம் என்று போடாமல், ஹவாய் மொழி என்றே குறிக்க வேண்டும்.