துபாஷியும் துரைமக்களும்

பழனியை அடுத்து, மலையடிவாரத்தில் இருப்பது பாலசமுத்திரம். அங்கே ஏர் பிடித்தவனுக்குச் சென்னைக் கோட்டையில் யார் காதில் யார் ஓதினார் என்பது தெரிய வழியேது? ஆனால் கோட்டையின் கோலம் அவன் கொல்லைவரை வந்தது. 1790 ஆகஸ்டில் கும்பெனிப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை, பழனி உள்ளிட்ட திண்டுக்கல் சீமையைத் திப்புவிடமிருந்து பறித்துக் கும்பெனியின் கையில் கொடுத்தது.

அந்தப் போர் மூண்ட வேளையில் சென்னையை ஆண்டவர் யார்? 1789 பிப்ரவரியில் கவர்னர் பொறுப்பேற்ற ஜான் ஹாலண்டு. ஆண்டவர் அவர், ஆட்டி வைத்தவரோ அவதானம் பாப்பையா என்னும் துபாஷி!

துபாஷி என்றால் இருமொழியாளன். துரைக்கு நாட்டார் மொழி தெரியாது; நாட்டாருக்குத் துரையின் மொழி தெரியாது. இடையே நின்றவன் சொன்னதே மனு, அவன் சொன்னதே தீர்ப்பு. புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கர் நமக்கு நாட்குறிப்பை விட்டுச் சென்றார். பாப்பையா விட்டுச் சென்றதோ வழக்கேடு!

துரை உறங்கினார், துபாஷி ஏய்த்தார் என்று கதை கட்டுவோர் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. தம் கை நீளாமலே பொருள் வந்து சேர வேண்டும் என்று விரும்பிய துரைக்குப் பிறர் கை ஒன்று தேவைப்பட்டது; அந்தக் கைதான் பாப்பையா. ஜானின் தம்பி எட்வர்டு ஹாலண்டுக்கும் அவரே வேண்டியவர்.

வருவாய் வாரியத்தில் டேவிட் ஹாலிபர்ட்டன் என்றோர் அதிகாரி இருந்தார். துபாஷிக் கூட்டத்துக்கு அவர் தடைக்கல். தடையை அகற்றப் பொய்க் குற்றம் புனைந்தனர். கவர்னர் நம்பினாரோ, நம்ப விரும்பினாரோ, ஹாலிபர்ட்டன் சந்திரகிரிக்குத் தூக்கி எறியப்பட்டார். வெள்ளை அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், முறையிட வந்த குடியானவன் கதி என்னவாகியிருக்கும்?

இதே காலத்தில்தான், 1789 டிசம்பர் இறுதியில், திருவிதாங்கூர் எல்லை அரண்மீது திப்புவின் படை பாய்ந்தது. திருவிதாங்கூரோ கும்பெனியின் நட்பு நாடு. ஹாலண்டு உரிய ஏற்பாடு செய்யவில்லை. கல்கத்தாவிலிருந்த காரன்வாலிஸ் கடிந்துகொண்டார். போருக்குப் பாப்பையாதான் காரணம் என்று நாம் கூறவில்லை. அப்படிப்பட்டவரைச் சுற்றி வைத்துக்கொண்ட ஆட்சி, படை எடுக்க வேண்டிய வேளையில் என்ன நிலையில் இருந்தது என்றே காட்டுகிறோம். 1790 பிப்ரவரி 13-இல் ஜான் பதவி விலகினார். எட்வர்டு அமர்ந்தது ஒரே வாரம். 20-ஆம் நாள் மெடோஸ் வந்து சேர்ந்தார். ஹாலண்டு குடும்ப ஆட்சி அத்துடன் முடிந்தது.

புரவலர் போனபின் துபாஷியைக் காப்பவர் யார்? 1792-இல் பாப்பையாவும் கூட்டாளிகள் மூவரும் சென்னையில் கூண்டிலேற்றப்பட்டனர். ஹாலிபர்ட்டனுக்கு எதிரான சதி மெய்யென்று தீர்ப்பாயிற்று. நால்வரில் மூவரைப் பிராமணர் என்றும், ஒருவரைச் செட்டி என்றும் குறிக்கிறது அந்த ஏடு. சுரண்டலுக்குக் கூட்டுச் சேரும்போது மட்டும் குலம் குறுக்கே நிற்கவில்லை! பாப்பையாவின் புகழ் கடலும் கடந்தது. 1827-இல் வால்டர் ஸ்காட் தம் கதையொன்றில் அவரைப் பாத்திரமாக்கினார்.

கூண்டில் நின்றவர் துபாஷி. அவரை வைத்து ஆண்ட ஜான் ஹாலண்டு, அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார். சென்னைச் சூளையில் அவதானம் பாப்பையா பெயரால் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.