டோல்கேட் ஊரில் ஒரு பஸ்தி

விஜயமங்கலம்னு சொன்னா நம்ம கோயமுத்தூர்க்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது டோல்கேட் தான். எனக்கும் அப்படித்தான். அம்மா பக்கத்து சொந்தமெல்லாம் பெருந்துறை, ஈரோடு. சின்ன வயசில் இருந்து அந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கு போட்டா இருநூறைத் தாண்டும். ஒரு தடவை கூட வண்டியை ஊருக்குள் திருப்பினதில்லை.

இதே நான், ஆன்சைட்டுக்கு பாரிஸ் போனப்ப, சனிக்கிழமை விடியக்காலையில் எழுந்து தொண்ணூறு கிலோமீட்டர் ரயிலில் போய் சார்த்ரு கதீட்ரலைப் பார்த்துட்டு வந்தேன். 1194-ல் தீப்பிடிச்சு எரிஞ்சு, மறுபடி கட்ட ஆரம்பிச்சு, 1220 வாக்கில் பெரும்பகுதியை முடிச்சு, 1260-ல் பிரதிஷ்டை பண்ணின கோயில். 1939-ல் போர் வருதுன்னதும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை மொத்தமா கழற்றி பத்திரப்படுத்தி வெச்சிருக்காங்க. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துட்டு நின்னேன். கூட வந்த பிரெஞ்சுக்கார டீம்மேட், "உங்க ஊர்ல இந்த மாதிரி பழசா என்ன இருக்கு?"ன்னு கேட்டான். பெருமையா தஞ்சாவூர்னு சொன்னேன். "அது உன் வீட்டில் இருந்து எவ்வளவு தூரம்?" காரில் அஞ்சு மணி நேரம். சிரிச்சுட்டான். அந்த சிரிப்பு கொஞ்ச நாள் உறுத்திட்டே இருந்துச்சு.

போன மாசம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது வண்டி என் கையில். அப்பா, அம்மா, தங்கச்சி, பின்னாடி ஜன்னலோரம் எங்க ஆத்தா (அப்பாவோட அம்மா, வயசு 84). விஜயமங்கலத்தில் ஹைவேயை விட்டு இறக்கிட்டேன்.

"எங்க சாமி வண்டிய திருப்பற?"

"ஒரு கோயிலுங் ஆத்தா."

"என்ன சாமி?"

"சந்திரபிரபருங்."

"அதாரு கண்ணு?"

அம்மாவுக்கு வேற கவலை. தேங்காய் பழம் ஒண்ணும் வாங்கலையாம் :-)

சந்திரபிரபர் சமணர்களோட எட்டாவது தீர்த்தங்கரர். அவர் அடையாளம் பிறைச் சந்திரன். கோயிலை உள்ளூரில் பஸ்திங்கறாங்க. கன்னடத்தில் சமணக் கோயிலுக்கு பசதின்னு பேரு, அதுதான் இங்கே பஸ்தி ஆயிருக்கு. நெட்டைக் கோபுரம்னும் ஒரு பேரு உண்டு. பூட்டியிருந்துச்சு. பக்கத்தில் விசாரிச்சதும் ஒருத்தர் சாவியோட வந்து திறந்து விட்டார்.

சமணம்னாலே மதுரை, காஞ்சிபுரம்னு நினைக்கிறோம். கொங்கு அதுக்கு எந்த விதத்திலும் குறைஞ்சதில்லை. கரூர் பக்கம் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலைன்னு ஒரு குன்று. அங்கே யாற்றூர் செங்காயபன்ங்கற சமண முனிவருக்கு கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்ததை தமிழ் பிராமியில் எழுதி வெச்சிருக்காங்க. கொடுத்தவங்க சேரர்கள். தாத்தா, மகன், பேரன்னு மூணு தலைமுறை பேரும் அதே கல்லில் இருக்கு. பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனாபுரம் ஒரு காலத்தில் ஜினபுரமா இருந்திருக்கும், நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் ஊர் அதுதான்னு கொங்கு ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க. ஸ்கூல்ல நன்னூல் சூத்திரம் மனப்பாடம் பண்ணி திட்டு வாங்கினப்ப இது தெரிஞ்சிருந்தா பக்கத்து ஊர் ஆளுன்னு கொஞ்சம் மரியாதை கொடுத்திருப்பேன்.

விஜயமங்கலத்துக்காரர் இன்னொருத்தர் கொங்குவேளிர். பெருங்கதை எழுதினவர். உதயணன் கதை. குணாட்டியரோட பிருகத்கதையில் இருந்து வந்த கதை. இந்த நூலை முடிக்கிறதுக்கு கொங்குவேளிர் மூணு பிறவி எடுத்தார்னு ஒரு கதை உண்டு. (எங்க பிராஜெக்ட் ரிலீஸ் தேதியெல்லாம் இதுக்கு பரவாயில்லை.) மூணு பிறவி எடுத்து எழுதினதில் நமக்கு மிஞ்சினது முன்பகுதியும் இல்லாம, கடைசியும் இல்லாம நடுவில் உள்ளது மட்டும். கிடைச்ச ஏட்டை வெச்சு உ.வே.சா 1924-ல் பதிப்பிச்சார். பெருங்கதை இந்த பஸ்தியில்தான் அரங்கேறுச்சுங்கறது ஊர் வழக்கு. கொங்குமண்டல சதகம் பாடின கார்மேகக் கவிஞரும் இதே ஊர், இதே சமணர்தான். ஒரே ஊரில் இத்தனை பேர்! நமக்கு டோல்கேட் மட்டும் தெரியுது.

நான் காட்ட நினைச்சது ஒரு தூண். சிரவணபெளகொளாவில் சுமார் 57 அடி உயரத்துக்கு நிக்கிற கோமதேஸ்வரர் சிலையைப் பார்த்திருப்பீங்க. பத்தாம் நூற்றாண்டு கடைசியில் அதைச் செய்ய வெச்சவர் கங்க அரசரோட அமைச்சரும் தளபதியுமான சாமுண்டராயர். அவரோட தங்கச்சி பேரு புள்ளப்பை. அந்தம்மா உண்ணாநோன்பு இருந்து உயிரை விட்டது இங்கே, இந்த விஜயமங்கலத்தில். அதுக்கான நினைவுக்கல்வெட்டுதான் தூணில் இருக்கு. இந்த மாதிரி நினைவுச்சின்னத்துக்கு நிசீதிகைன்னு பேரு. அண்ணன் அங்கே மலையைக் குடைஞ்சு சிலை எழுப்பினார், தங்கச்சிக்கு இங்கே ஒரு தூணில் ரெண்டு வரி. சார்த்ரு தீப்பிடிச்சு எரியறதுக்கு சுமார் இருநூறு வருஷம் முன்னாடி நடந்த விஷயம்.

மைசூர் பக்கத்து பொண்ணு எப்படி இங்கேன்னு தங்கச்சி கேட்டா. தூரமே இல்லை. சத்தியமங்கலத்துக்கு மேல கெஜலட்டி கணவாய் வழியா ரெண்டு பக்கமும் போக்குவரத்து காலங்காலமா உண்டு. 1790-ல் திப்பு படை இறங்கினதும் அதே வழிதான்.

ஆத்தாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "சோறு தண்ணி இல்லாம உசுர விட்டாளா? ஏனாம்?"

சல்லேகனைன்னு பேருங் ஆத்தா, முடிவு நெருங்கிடுச்சுன்னு தெரிஞ்சா கொஞ்சங் கொஞ்சமா சாப்பாட்டைக் குறைச்சுட்டு, யார் மேலயும் கோபம் தாபம் இல்லாம போறது, நம்ம பழைய பாட்டுல வடக்கிருத்தல்னு வர்ற மாதிரின்னு சொன்னேன். தற்கொலைதானே அதுன்னு அப்பா கேட்டார். 2015-ல் ராஜஸ்தான் ஹைகோர்ட்டும் அப்படித்தான் சொல்லுச்சு. அதே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வெச்சுது. கோர்ட் கதையெல்லாம் நான் சொல்லிட்டிருக்கும்போதே ஆத்தா தூணுக்குப் பக்கத்தில் உக்காந்துட்டாங்க.

"உங்கப்பாரும் அப்படித்தான் போனாரு."

நான் காலேஜ் செகண்ட் இயர்ல இருந்தப்ப அப்பாரு தவறினார். உடம்பு சரியில்லாமன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். பதினோரு நாள் சோறு வேண்டாம்னுட்டாராம். ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன்னு அப்பா எவ்வளவோ கெஞ்சியும் கேக்கலையாம். கடைசி நாலு நாள் தண்ணி மட்டும். ஆத்தாவைக் கூப்பிட்டு யாருக்கு எவ்வளவு பாக்கின்னு சொல்லிட்டு, மாட்டை வித்தறாதீங்கன்னு சொல்லிட்டு போனாராம். அப்பா மறுபக்கம் திரும்பி கோபுரத்தைப் பார்த்துட்டு நின்னார். இத்தனை வருஷமா அதை தன்னோட தப்புன்னு நினைச்சுட்டு இருந்திருக்கார்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

தீர்த்தங்கரர் வரம் எதுவும் கொடுக்க மாட்டார்னு சொன்னதும், "அப்புறம் எதுக்கு கும்பிடறாங்க?"ன்னு கேட்ட அம்மா, எதுக்கும் இருக்கட்டும்னு கன்னத்தில் போட்டுக்கிட்டாங்க.

வண்டியில் ஏறின பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசலை. செங்கப்பள்ளி தாண்டும்போது ஆத்தா, "அந்தப் புள்ள பேரென்ன சொன்ன?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அண்ணங்காரன் கல்லு நட்டிருக்கான் பாரு"ன்னாங்க. அப்பா பதில் சொல்லலை. அவிநாசி வந்ததும் டீ குடிக்க நிறுத்தச் சொன்னார். டீ கிளாஸோட நின்னுட்டு, சீனாபுரத்துக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டார்.