கோயில் முறையும் ‘ஸ்பெஷல்’ தவிலும்: யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாழ்வை முன்வைத்து

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவில், நாதஸ்வரத்தின் பக்கத்துணையாக மட்டுமே கோயிலில் ஒலித்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தவில்காரரின் பெயருக்காகவே கூட்டம் கூடும் நிலை வந்துவிட்டது. நகரத்துச் சபாக்களே இம்மாற்றத்துக்கு வழிவகுத்தன என்று பொதுவாகக் கருதுவோர் உண்டு. தவிலைப் பொறுத்தவரை அது கோயில் வீதியில், திருவிழா இரவுகளில்தான் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஈழத்துத் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாழ்வு இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முறையும் மானியமும்

கோயிலில் கொட்டு முழக்கும் பணி மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலில் இசைக்கருவி முழக்கிய உவச்சர்களையும் அவர்கள் சீவனத்துக்கு விடப்பட்ட உவச்சக்காணி நிலங்களையும் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரியமேளம், குறிப்பாக இசை வேளாளர் குடும்பங்களின் பரம்பரைப் பணியாயிற்று. அவர்கள் முறை வைத்துக்கொண்டு வாசித்தனர். அதற்கு ஈடாக மானிய நிலத்தை அனுபவித்தனர்.

இந்த ஏற்பாட்டில் தவிலின் வேலையைச் சடங்கே வரையறுத்தது. திருப்பள்ளியெழுச்சி முதல் அர்த்தசாமம் வரை ஒவ்வொரு வேளைக்கும் உரிய வாசிப்பு உண்டு. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. தீர்த்தம், தளிகை, தேர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மல்லாரி. எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதைப் புறப்பாட்டின் போக்கே தீர்மானித்தது.

கருவியின் அமைப்பும் இப்பணிக்கு ஏற்றதே. பலாமரக் கட்டையைக் குடைந்த உடல். வலப்பக்கம் விரல்களில் கூடு மாட்டி வாசிப்பது, இடப்பக்கம் பூவரசங்கழியால் அடிப்பது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே நான்கு வீதிக்கும் கேட்ட கருவி இது.

துணையிலிருந்து தனித்துவத்துக்கு

நாதஸ்வரக்காரர்கள் ராக ஆலாபனையை மணிக்கணக்கில் விரித்தபோது தவிலுக்கும் இடம் விரிந்தது. மிருதங்கம் ஆலாபனையின்போது வாளாவிருக்கும். தவிலோ ராகப்பிடிகளின் இடைவெளிகளில் சொற்கட்டுகளை வாசித்து நாதஸ்வரக்காரருக்கு மூச்சுவிட இடம் தரும். இந்த இடைவெளியிலிருந்தே தவிலின் சுதந்திரம் வளர்ந்தது எனலாம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) இவ்வளர்ச்சியின் முதற்பெரும் ஆளுமை. அவருடைய மாணவர் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை அம்மரபை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றார். வழக்கமான தவில்களோடு கூடுதலாகப் பேர்பெற்ற ஒருவரை அமர்த்தும் ‘ஸ்பெஷல் தவில்’ வழக்கமும் பரவியது.

தஞ்சையும் யாழ்ப்பாணமும்

இவ்வளர்ச்சிக்கு ஊட்டம் தந்த இன்னொரு களம் யாழ்ப்பாணம். 1914இல் தொடங்கிய போட் மெயில் ரயில்–கப்பல் வழி, தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைத்தது. தஞ்சை வட்டாரக் கலைஞர்கள் ஈழத்துக் கோயில் திருவிழாக்களுக்குச் சென்று வாசித்தனர். சிலர் அங்கேயே குடியமர்ந்தனர். இணுவிலும் அளவெட்டியும் மேளக் கலைஞர்களின் ஊர்களாகப் பெயர் பெற்றன. திருவிழா உபயகாரர்கள் ஒருவரையொருவர் விஞ்சும் முனைப்பில் பல மேளங்களை வரவழைத்தனர். தவில்காரர்கள் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறி வாசிக்கும் தவில் சமாவைக் கேட்க ரசிகர்கள் விடிய விடியக் காத்திருந்தனர். இங்கே வாசிப்பின் எல்லையை வகுத்தவர்கள் கேட்போர். அதுவும் கோயில் வீதியிலேயே.

தெட்சணாமூர்த்தி

இந்தச் சூழலில்தான் 1933இல் இணுவிலில் தெட்சணாமூர்த்தி பிறந்தார். தந்தை விசுவலிங்கமும் தவில் வித்துவான். தொடக்கப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பின்னர் தமிழகம் வந்து நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையிடம் பயின்றார். ஈழத்தின் களப்பயிற்சியும் தஞ்சையின் பாடாந்தரமும் இவ்வாறு ஒரே கையில் சேர்ந்தன. ஈழத்தில் அளவெட்டி என்.கே. பத்மநாதன், தமிழகத்தில் ஷேக் சின்ன மௌலானா போன்ற நாதஸ்வர மேதைகளுக்கு அவர் வாசித்தார். வேகம் கூடினாலும் சொற்கள் தெளிவாக விழுவதும் கணக்கின் சிக்கலிலும் நாதம் கெடாததும் அவர் வாசிப்பின் சிறப்பாகப் பேசப்பட்டன. ‘லயஞான குபேர பூபதி’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1975இல், 41 வயதில் மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி இயக்கிய ஆவணப்படம் தேசிய விருது பெற்றது.

புகழின் மறுபக்கம்

நட்சத்திரத் தவில் உயர்ந்த அதே காலத்தில் அன்றாட முறைக்காரரின் நிலை தாழ்ந்தது. தமிழகத்தில் 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் மானிய நில ஏற்பாட்டின் பழைய வடிவத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. திறமையுள்ளவர்கள் கல்யாணக் கச்சேரிகளையும் திருவிழா ஒப்பந்தங்களையும் நாடினர். ஈழத்தில் 1983 இனக்கலவரத்துக்குப் பின் பலர் புலம்பெயர்ந்தனர். ஆள் இல்லாத சன்னதிகளில் மின்சார மேளம் புகுந்தது. பொத்தானை அழுத்தினால் தீபாராதனைக்கு ஓசை கிடைக்கும். வேளைக்கேற்ற வாசிப்போ மல்லாரியோ கிடைக்காது.

முடிவுரை

தெட்சணாமூர்த்தியை உருவாக்கியவை மூன்று: தந்தையின் வீட்டுப் பாடம், குருவின் பாடாந்தரம், நுணுக்கமறிந்து கேட்ட கோயில் வீதி. முதலிரண்டின் இடத்தை ஓரளவுக்கு இன்று அரசு இசைப்பள்ளிகள் ஏற்றிருக்கின்றன. எடுத்துக்காட்டாக, சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே நாதஸ்வரமும் தவிலும் பாடங்களாக உள்ளன. ஆனால் பயின்று வெளிவருவோர் நாள்தோறும் வாசிக்க ஒரு சன்னதி வேண்டும். கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளப் பணியிடங்களைக் காலியாக விடாமல், குடும்பம் நடத்தப் போதுமான ஊதியத்தில் நிரப்ப வேண்டும். மின்சார மேளத்துக்குச் செலவழிக்கும் உபயதாரர்கள், அத்தொகையை ஒரு தவில்காரரின் சம்பளத்துக்கு ஒதுக்க முன்வர வேண்டும்.