தோட்டத்துரையின் குலவரிசையும் கல்முனைக் குடிவழியும்

ஆங்கிலத் தோட்டத்துரை ஒருவரின் குடும்பத்தையும் உடைமையையும் ஆராய்தல் எளிது. 1848இல் நுவரெலியாவில் பண்ணை நிறுவிய சாமுவேல் பேக்கரை நோக்குவோம். தந்தையார் மொறீசியஸிலும் ஜமேக்காவிலும் கரும்புத் தோட்டங்கள் உடைய வணிகர். 1855இல் சாமுவேல் தாயகம் திரும்ப, பண்ணை சகோதரர் ஜோனிடம் நிலைத்தது. அவ்வாண்டு வெளிவந்த சாமுவேலின் நூலில் ஆங்கிலக் குதிரைக்காரன் பேர்க்ஸுக்கும் பெயருண்டு. காடழித்த கூலியாட்களுக்கு இல்லை.

இத்தகைய உடைமைக்கு வழிகோலியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமாகும். உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என அது கொண்டது. வழக்காறு பின்னிற்க, ஆவணமே உரிமையின் சான்றாயிற்று.

இம்முறையைக் கல்முனை முதலான கீழைக்கரை முஸ்லிம் ஊர்களுக்குப் பொருத்தினால் நாம் தவறிவிடுவோம். இங்கே குடி தாய்வழியில் தொடர்கின்றது. வீடும் வயலும் சீதனமாகப் பெண்மக்களைச் சேர, மணமகன் பெண்வீடு புகுகின்றான். தந்தை, மகன் என்ற வரிசையில் தேடுவோருக்கு ஒரு வளவு தலைமுறைதோறும் அந்நியர் கைமாறியதாகவே தோன்றும். தாய், மகள், பேத்தி எனத் தேடினாலோ தொடர்ச்சி அறுபடாது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோர வளவுகளோடு உறுதிகள் பலவற்றையும் கொண்டுசென்றது. எஞ்சிய சீதன உறுதிகளும், பள்ளிவாசல்களின் குடி மரைக்கார்மார் நினைவில் உள்ளனவும், மூதாட்டியர் சொல்லும் வழிமுறையும் விரைந்து திரட்டப்படல் வேண்டும். இன்றேல், எழுதிவைத்த துரையின் வரலாறே இந்நிலத்தின் வரலாறாக எஞ்சும்.